சாறு சாக்குக்கு, எண்ணெய் விதைக்கு: பயறு விதையைத் தை முதல் ஆடி வரை காக்கும் முறை

தை மாதம் களத்திலிருந்து வீட்டுக்கு வரும் தட்டைப்பயற்றில் வண்டு ஏற்கெனவே இருக்கிறது. கண்ணில் படாததால் இல்லை என்று எண்ணிப் பானையில் கொட்டி மூடிவிடுகிறோம். மாசி கழிந்து பங்குனியில் திறந்து பார்த்தால், குண்டூசித் தலை அளவில் வட்டத் துளை விழுந்த பயறும், பானையின் உட்சுவரில் ஏறிக்கொண்டிருக்கும் பழுப்பு வண்டுகளும், அடியில் வெண்ணிற மாவும்தான் மிஞ்சியிருக்கின்றன. “பயிறு உளுத்துப் போச்சுங்க” என்று சொல்லி அதை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, ஆடிப் பட்டத்துக்குக் கடையில் விதை வாங்கப் போவது, கொங்குப் பகுதியில் புதிதாகத் தோட்டம் தொடங்கும் பலருக்கும் முதல் ஆண்டில் நேர்வதுதான்.

காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டாங்காட்டில் ஓர் ஏக்கர் வாங்கியவருக்கும், கோயம்புத்தூரில் மொட்டை மாடியில் அவரைப் பந்தல் போட்டிருப்பவருக்கும் பயன்படும்படி, ஐந்து கிலோ தட்டைப்பயறு விதையை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே எழுதுகிறேன். பாசிப்பயறு, உளுந்து, துவரை, மொச்சை ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும். சோளம், கம்பு, நெல் ஆகியவற்றுக்கு வழி வேறு. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் என் தவறு. முதல் ஆண்டில் வேப்பிலையையும் நொச்சியிலையையும் உரலில் இடித்துச் சாறு பிழிந்து, பயற்றின்மேல் தெளித்துப் பிசறி, ஒரு நாள் நிழலில் உலர்த்திப் பானையில் மூடி வைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. பயறு ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தது. வண்டு வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பயற்றில் நூறு எடுத்து ஊற வைத்துப் பார்த்தபோது முளைத்தவை இருபதைத் தாண்டவில்லை. செடியின் சாற்றால் விதையைக் காக்கலாம் என்று படித்தவுடன் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். நீரில் எடுத்த சாறு உலர்ந்த விதையின்மேல் படவே கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன். அந்தச் சாற்றுக்கு வேறு இடங்களில் நல்ல வேலை இருக்கிறது: செடியில் காய்ந்துகொண்டிருக்கும் காயின்மேல், விதையைப் போட்டு வைக்கும் சாக்கில், சாக்கை அடுக்கும் அறையின் தரையில். விதையின்மேல் படக்கூடியவை எண்ணெயும் நன்றாக உலர்ந்த தூளுமே.

முட்டை எங்கே இருக்கிறது?

எந்தச் செடியின் எந்தப் பாகத்தை எடுப்பது என்பதற்கு முன்னால், பூச்சி தன் முட்டையை எங்கே இடுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். முறையைத் தேர்ந்தெடுப்பது அதை வைத்துத்தான்.

பயறு வண்டு தன் முட்டைகளை வெளிப்புறத்தில், காட்டில் முற்றிய காயின்மேலோ சேமிப்பில் விதையின் தோலின்மேலோ, பசை போட்டதுபோல் ஒட்டி வைக்கிறது. ஒரு பெண் வண்டு ஏறத்தாழ நூறு முட்டைகள் வரை இடும். நான்கைந்து நாளில் பொரிந்து வரும் புழு, முட்டையின் அடிப்பகுதி வழியாக நேரே விதைக்குள் துளைத்து இறங்கி, உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறிய பிறகுதான் வட்டத் துளை போட்டு வெளியே வருகிறது. வெளியே வந்த வண்டு பயற்றைத் தின்பதில்லை. இணை சேர்ந்து முட்டையிடுவது மட்டுமே அதன் வேலை. நம் கோடை வெப்பத்தில் இந்தச் சுற்று முழுவதற்கும் ஏறத்தாழ ஒரு மாதம் போதும். தையில் சேமித்து ஆடியில் விதைப்பதற்குள் ஐந்தாறு தலைமுறை பெருகிவிடும் என்பதால், தையில் பானைக்குள் போன பத்து வண்டுகளைச் சிறிய கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. முட்டை வெளியே ஒட்டியிருக்கும் நான்கைந்து நாளில் விதையின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால், முட்டைக்குக் காற்றுப் போகாமல் அது செத்துவிடும். புழு உள்ளே இறங்கிவிட்டாலோ, எந்த எண்ணெயும் எந்த இலையும் அதைத் தொடாது. எனவே செடிப்பொருள்களைக் காவலுக்கு வைக்கலாமே தவிர, ஏற்கெனவே வண்டு விழுந்த விதையை மீட்க அவற்றை நம்பக்கூடாது. வண்டு பிடித்த பிறகு “எந்தத் தழையப் போடலாமுங்க?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை, முதலில் வெயிலில் போடுங்கள் என்பதுதான்.

காட்டில் தொடங்கும் வேலை

புரட்டாசியில் விதைத்த தட்டைப்பயறு மார்கழிக் கடைசியில் காய் பழுக்கத் தொடங்கும். விதைக்காக ஒதுக்கிய செடிகளில், காய் பறிப்பதற்கு ஏழெட்டு நாள் இருக்கும்போது வேப்பங்கொட்டைக் கரைசலை ஒருமுறை தெளிப்பது, காயின்மேல் முட்டை விழுவதைக் குறைக்கும். சாறு உண்மையாகவே பயன்படும் முதல் இடம் இதுதான்.

பத்து லிட்டர் கரைசலுக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பு வேண்டும். ஓட்டை நீக்கிய பருப்பை உரலில் இடித்துத் தூளாக்க வேண்டும். எண்ணெய் பிரிந்து களியாகும் வரை இடிக்கக்கூடாது. தூளைப் பழைய வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். காலையில் முடிச்சை அந்தத் தண்ணீரிலேயே திரும்பத் திரும்பப் பிழிந்தால் பால்போல வெண்மையான நீர் இறங்கும். அந்த வெண்மையே தரத்தின் அடையாளம். பழுப்பாக இறங்கினால் பருப்பு பழையது அல்லது பூசணம் பிடித்தது. இதை வடிகட்டிப் பத்து லிட்டருக்குத் தண்ணீர் சேர்த்து, நூறு கிராம் காதி சோப்பைச் சீவிக் கரைத்துக் கலக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் கரைசல் காயின்மேல் நிற்காமல் வழிந்துவிடும். வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் வெயிலில் விரைவில் சிதைவதால், மாலை நேரத்திலேயே தெளிக்க வேண்டும். கரைத்த அன்றே தீர்த்துவிடவும் வேண்டும்.

மாடித் தோட்டக்காரர்கள் இதைக் கைத்தெளிப்பானில் ஒரு லிட்டர் அளவுக்குச் செய்துகொள்ளலாம். ஐம்பது கிராம் பருப்பு போதும்.

காயை முற்றவிட்டு முற்றவிட்டுக் காட்டிலேயே காய வைப்பது நம்மிடையே உள்ள ஒரு சோம்பல். காய் பழுப்பேறி உலர்ந்ததும் இரண்டு மூன்று முறையாகப் பறித்துவிட வேண்டும். நாள் தள்ளத் தள்ள, காட்டிலிருந்து வீட்டுக்கு வரும் முட்டையின் எண்ணிக்கைதான் கூடும்.

சாக்கும் அறையும்

விதையைச் சாக்கில் வைப்பதானால், பழைய சாக்கின் இழைகளுக்கு நடுவிலும் தையல் மடிப்பிலும் போன ஆண்டின் வண்டுகள் காத்திருக்கும். சாக்கை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி உதறி, கொதிநீரில் முக்கி, கடும் வெயிலில் உலர்த்த வேண்டும். பிறகு பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ வேப்பம் பருப்பு என்ற கணக்கில், தெளிப்புக்குச் செய்ததைவிட இரு மடங்கு கெட்டியாகக் கரைசல் எடுத்து, சாக்கைக் கால் மணி நேரம் அதில் ஊற வைத்துப் பிழிந்து, இம்முறை நிழலில் உலர்த்த வேண்டும். சாக்கு முழுவதுமாக உலர்வதற்கு இரண்டு நாள் ஆகலாம். உள்மடிப்பைத் தொட்டுப் பார்த்து ஈரமில்லை என்று உறுதிசெய்யாமல் விதையை அதில் கொட்டக்கூடாது.

மிஞ்சும் கரைசலை அறையின் மூலைகளிலும் சுவரும் தரையும் சேரும் வெடிப்புகளிலும் தெளித்துவிடலாம். அதற்கு முன் அங்கே சிந்திக் கிடக்கும் பழைய தானியத்தைக் கூட்டி எடுத்து எரித்துவிடுவது, தெளிப்பதைவிட முக்கியம்.

உலர்த்துதல்

பயறு விதையைச் சேமிக்க அதன் ஈரம் நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஈரமானி இல்லாத வீட்டில் பல்தான் கருவி: நன்றாக உலர்ந்த பயறு பல்லுக்கிடையில் ‘கடக்’ என்று இரண்டாக உடையும்; ஈரம் உள்ளது நசுங்கும், அல்லது பல்லில் ஒட்டும். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி விதையையும் ஒரு தேக்கரண்டி உலர்ந்த தூள் உப்பையும் போட்டு நன்றாகக் குலுக்கி, உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. ஒட்டினால் ஈரம் பதினைந்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். ஒட்டாததாலேயே ஒன்பதுக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், உப்புச் சோதனையில் தேறியதையும் பல்லில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

விதைக்கு ஏற்ற வெயில் காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரையிலும், பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரையிலும் உள்ளது. உச்சி வெயிலில் சிமெண்டுத் தளத்திலும் தார்ச் சாலையிலும் காய்ந்த விதை உண்பதற்கு ஆகும். முளைப்பதற்கு ஆகுமா என்பது ஐயமே. நம் ஊர்ச் சாலைகளில் பாதி அகலத்துக்குச் சோளமும் கொள்ளும் காய்வதைப் பார்த்துப் பழகிவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தார்ப்பாய் அல்லது ஓலைப்பாய் விரித்து, ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, மணிக்கு ஒருமுறை காலால் கீறிவிட்டு, மூன்று நாள் காய வைத்தால் ஐந்து கிலோ விதைக்குப் போதும்.

காய்ந்த விதையைச் சூட்டோடு மூடுவது இன்னொரு தவறு. மூடிய பாத்திரத்தில் சூடு தணியும்போது உட்புறத்தில் வியர்த்து, மூன்று நாள் உழைப்பு வீணாகிவிடும். இரவு முழுவதும் வீட்டுக்குள் பரப்பி ஆறவிட்டு, மறுநாள் காலையில்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

ஆறிய விதையை முறத்தில் புடைத்து, சலித்து, உடைந்ததையும் பொக்கையும் நீக்கிவிட்டு, ஒரு பிடி எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பிப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். தோலின்மேல் ஒட்டிய சிறு புள்ளிகள் தெரியும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் புள்ளி பொரியாத முட்டை. சுண்ணாம்புபோல் வெளுத்து மங்கிய புள்ளி பொரிந்துவிட்டது. அதன் புழு விதைக்குள் இருக்கிறது. வெளுத்த புள்ளி நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் இருந்தால், அந்த விதையைச் சேமிப்பதைவிடப் பருப்பாக உடைத்துச் சமையலுக்கு அனுப்பிவிடுவது நல்லது. உடைத்த பருப்பில் இந்த வண்டு முட்டையிட விரும்புவதில்லை. எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) துவரையை விதைக்கு வேண்டியதை மட்டும் செம்மண் கட்டிவிட்டு, மற்றதை அந்த வாரமே திருகையில் உடைத்துவிடுவார்; அதற்கு இப்படி ஒரு காரணம் இருந்தது எனக்கு வெகு நாள் கழித்தே விளங்கியது.

எண்ணெய் பூசுதல்

ஒரு கிலோ விதைக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய் என்பது கணக்கு. ஐந்து கிலோவுக்கு இருபத்தைந்து மில்லி, அதாவது ஐந்து தேக்கரண்டி. புதிதாகச் செய்பவர்களுக்கு இது மிகவும் குறைவாகத் தோன்றும். கை தாராளமாகி நூறு மில்லி ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். விதையும் மூச்சு விடுகிறது. முட்டைக்குக் காற்றை அடைக்கும் எண்ணெய், அளவு மீறினால் விதைக்கும் அடைக்கும், முளைப்பு குறையும். எந்த நிலையிலும் கிலோவுக்குப் பத்து மில்லியைத் தாண்டக்கூடாது.

எண்ணெயின் அளவைவிடப் பூச்சு சீராக இருப்பதுதான் வேலையைச் செய்கிறது. அகலமான அன்னக்கூடையில் ஒரு கிலோ விதையை எடுத்துக்கொண்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பாதியை உள்ளங்கையில் தேய்த்து, தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல விதையை அள்ளி அள்ளித் தேய்க்க வேண்டும். மீதிப் பாதியைத் துளித் துளியாகத் தெளித்து மேலும் ஐந்து நிமிடம் புரட்ட வேண்டும். எல்லா விதையிலும் மெல்லிய மினுமினுப்பு இருக்கும். வெள்ளைத் துணியில் வைத்தால் ஈரக் கறை படியக்கூடாது. ஐந்து கிலோவையும் ஒரே தடவையில் பிசற முயன்றால், ஒரு பக்கம் எண்ணெய் குளித்தும் மறுபக்கம் உலர்ந்தும் நிற்கும். பூசி முடித்ததும் நிழலில் அரை நாள் பரப்பி வைத்துவிட்டுப் பிறகு நிரப்பலாம்.

எண்ணெய் வாங்கும்போது கவனம் வேண்டும். விளக்கேற்றுவதற்கென்று விற்கப்படுவதில் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம்; வாசனையும் சேர்த்திருக்கலாம். செக்கில் ஆட்டிய, மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள கசப்பெண்ணெயே வேண்டும். பயிருக்குத் தெளிப்பதற்காகக் கரைப்பான் சேர்த்து விற்கும் வேப்ப மருந்தும் விதைச் சேமிப்புக்கு உரியதன்று. வேப்பெண்ணெய் கிடைக்காவிட்டால் புங்கெண்ணெயையும், விதையில் ஒரு பகுதியை உண்ணவும் வேண்டும் என்றால் கடலை எண்ணெயையோ விளக்கெண்ணெயையோ இதே அளவில் பயன்படுத்தலாம். முட்டையை மூச்சடைக்கச் செய்வது எல்லா எண்ணெய்க்கும் பொதுவான வேலை. வேம்பும் புங்கும் அதற்குமேல் வண்டை விரட்டவும் செய்கின்றன.

எதில் வைப்பது?

மண்மொடாவும் குதிரும் பார்க்க அழகுதான். ஆனால் சுடுமண் எண்ணெயை உறிஞ்சும். ஆடிக் காற்றோடு பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரத்தையும் உள்ளே விடும். பொள்ளாச்சி, கோவை, உடுமலைப் பக்கத்தில் இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். தாராபுரம், கரூர்ப் பக்கத்தின் வறண்ட காற்றில் மண்பானை ஓரளவு தாங்கும். ஐந்து கிலோ விதைக்கு நான் பயன்படுத்துவது, நன்றாகக் கழுவி உலர்த்திய ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்கள். ஆறேழு பாட்டில் ஆகும். கழுத்துவரை தட்டித் தட்டி நிரப்பி, காற்று நிற்க இடமில்லாமல் மூடிவிட வேண்டும். உள்ளே காற்று குறையக் குறைய, தப்பிப் பிழைத்த புழுவும் வளர முடியாது. ஒரு பாட்டிலில் வண்டு விழுந்தாலும் மற்றவை தப்பிக்கும். மூடியைத் திறக்காமலே வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளவும் முடியும். வெளிச்சம் படாமல் அட்டைப் பெட்டிக்குள் வைத்தால் போதும்.

ஒரு பாட்டிலில் மட்டும் எண்ணெய் பூசாத விதையை நிரப்பி, அடையாளமிட்டு வையுங்கள். பூசிய விதை நன்றாக இருந்தால், அது எண்ணெயாலா, அல்லது அந்த ஆண்டு வண்டே குறைவா என்பதை அந்த வெறும் பாட்டில்தான் சொல்லும்.

நூறு கிலோவுக்கு மேல் சேமிப்பவர்கள், கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த தானியப் பூச்சிப் பொறிகளை வாங்கிக் குவியலில் செருகி வைக்கலாம். காற்றுள்ள இடத்தைத் தேடி நகரும் பூச்சியின் பழக்கத்தைப் பயன்படுத்தி, துளையிட்ட குழாய்க்குள் விழச்செய்யும் எளிய கருவி அது. வண்டு வந்துவிட்டதைக் கண் பார்ப்பதற்கு முன்னே அது காட்டிவிடும்.

அமாவாசைக்கு அமாவாசை

பயறு விதையை அமாவாசைதோறும் வெயிலில் காட்ட வேண்டும் என்பது நம் பக்கத்துப் பெரியவர்களின் வழக்கம். நிலவுக்கும் வண்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அவர்கள் சொல்லும் விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் வண்டின் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதம் என்பதை நினைத்தால், மாதத்தில் ஒரு நாளைத் தவறாமல் நினைவூட்ட அமாவாசையைவிட நல்ல குறிப்பு இல்லை. புதிதாக வெளிவந்த வண்டு மறுபடியும் முட்டையிட்டுப் பெருகுவதற்குள் அந்த நாள் வந்துவிடுகிறது.

எண்ணெய் பூசிய விதையை ஒவ்வொரு மாதமும் வெயிலில் போட வேண்டியதில்லை. அமாவாசை அன்று பாட்டில்களை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நகரும் வண்டோ, அடியில் மாவோ, புதிய துளையோ தெரிந்தால் அந்தப் பாட்டிலை மட்டும் திறந்து, சலித்து, காலை வெயிலில் இரண்டு நாள் காய வைத்து, ஆறவிட்டு, கிலோவுக்கு ஐந்து மில்லியாக மீண்டும் ஒருமுறை பூசி மூடலாம். மூன்று மாதத்துக்குப் பிறகு எண்ணெயின் நெடி குறைந்துவிடும் என்பதால், சித்திரை, வைகாசி அமாவாசைகளில் பார்வை கூர்மையாக இருக்கட்டும்.

சோளம், கம்பு, நெல்

இவற்றைத் தாக்கும் கூன்வண்டு தன் முட்டையை வெளியே ஒட்டுவதில்லை. மூக்கால் தானியத்தில் குழி பறித்து, உள்ளே முட்டையை வைத்து, பசையால் வாயை அடைத்துவிடுகிறது. எண்ணெய்ப் படலத்துக்கு அங்கே செய்வதற்கு அதிகமில்லை. முட்டையிட வரும் வண்டையே தடுக்க வேண்டும். எனவே இங்கே தூள்.

வேப்பம் பருப்புத் தூள் ஒரு கிலோ விதைக்கு முப்பது கிராம், அல்லது வசம்புத் தூள் ஒரு கிலோவுக்குப் பத்து கிராம். நாட்டு மருந்துக் கடையில் வசம்பைக் கிழங்காக வாங்கி, வெயிலில் ஒரு நாள் போட்டு, இடித்துச் சலித்துக்கொள்ளலாம். தூளாக விற்பதில் மணம் போயிருக்கும். வசம்பில் உள்ள அசரோன் என்னும் பொருள் பூச்சியின் சினைப்பையை வளரவிடாமல் செய்கிறது. வண்டு உயிரோடு இருந்தாலும் வம்சம் பெருகாது. அதே அசரோன் சோதனை எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968-இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று பெயரிட்டுக் குழந்தைக்கு உரைத்துக் கொடுத்த பொருளைப் பற்றி இப்படிச் சொல்வது சிலருக்கு உறுத்தலாம். ஆனாலும் வசம்பு கலந்த விதையை உணவுக்கு எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அந்துப்பூச்சி குவியலின் மேற்பரப்பிலேயே திரியும், ஆழத்துக்குள் போகாது. அதனால் மொடாவின் வாயில் நிழலில் உலர்த்திய நொச்சியிலையை நான்கு விரற்கடைக்குப் பரப்பி வைக்கும் பழைய வழக்கம் அதற்கு நன்றாகவே எடுபடுகிறது. பச்சை இலையைப் போட்டால் அதன் ஈரம் தானியத்துக்குப் போகும். சோளத்தைக் கதிரோடு அடுப்புப் புகை படும்படி உத்திரத்தில் கட்டுவதும் நல்ல முறைதான். விறகடுப்பு உள்ள சாளையாக (தோட்டத்து வீடாக) இருந்தால்.

நிலக்கடலை விதையைத் தொலியோடுதான் வைக்க வேண்டும், உரித்து வைக்கக்கூடாது. அதைப் புளிக்கு அருகில் வைக்காதீர்கள். மாசி பங்குனியில் புளி உலுக்கிக் கொட்டையோடு மச்சில் குவிக்கும் வீடுகளில், புளியங்கொட்டையைத் துளைக்கும் அதே வண்டு கடலைக்கும் தாவுகிறது. இதற்கு இலையோ எண்ணெயோ தேவையில்லை. இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்தால் போதும்.

தொடக்கூடாதவை

சீத்தாப்பழக் கொட்டைத் தூள் பூச்சியைக் கொல்லும் என்பது உண்மை. அது கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும் என்பதும் உண்மை. விதையைப் புடைக்கும்போது தூசி பறக்காமல் இருக்காது. அதனால் புதியவர்கள் இதைத் தொடவே வேண்டாம். எருக்கம்பாலும் அப்படியே. வேப்பம் பருப்பையோ வசம்பையோ இடிக்கும்போதும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது நல்லது.

மஞ்சள் தூளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஈரோட்டுக் கிடங்குகளில் காய்ந்த மஞ்சள் கிழங்கையே துளைத்து மாவாக்கும் வண்டுகள் உண்டு என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடையில் கொடுக்கும் நச்சு வாயு மாத்திரையை வீட்டுக்குள் பயன்படுத்துவது உயிருக்கே கேடு. பயிற்சி பெற்றவர்கள் கிடங்கில் கையாள வேண்டியது அது.

விதைப்பதற்கு முன்

ஆனிக் கடைசியில் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலந்து, நூறு விதை எண்ணி, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, தினமும் தண்ணீர் தெளித்து எட்டாம் நாள் பிரித்து எண்ண வேண்டும். சான்று விதைக்கு அரசு நிர்ணயித்துள்ள குறைந்தபட்ச முளைப்பு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து ஆகியவற்றுக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து. உங்கள் துணியில் அதற்குமேல் முளைத்தால் வழக்கமான அளவில் விதைக்கலாம். அறுபது என்றால் விதை அளவைக் கூட்டலாம். ஐம்பதுக்குக் கீழ் இறங்கினால் வேறு விதை தேடுவதே மேல். எண்ணெய் பூசாத பாட்டிலின் விதையையும் தனியாக ஒரு துணியில் சுருட்டி எண்ணிவிடுங்கள்.

ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் உரத்தைக் கலந்து விதைப்பவர்கள், ஆறிய அரிசிக் கஞ்சியில் அதைக் கரைத்து விதையில் பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும்.

ஆடியில் விதைத்துவிட்டு நிமிரும்போது வேப்ப மரத்தடியில் பழம் உதிர்ந்துகொண்டிருக்கும். வரும் மார்கழிக்கு வேண்டிய கொட்டையை இப்போதே சேர்த்தாக வேண்டும். ஆவணி மழையில் நனைந்து மண்ணோடு கிடப்பது உதவாது. மஞ்சளாகப் பழுத்ததைப் பொறுக்கி, அன்றே பிசைந்து சதையை நீக்கிக் கழுவி, ஒரு நாள் இளவெயிலிலும் பிறகு நிழலிலும் உலர்த்த வேண்டும். காகம் தின்று போட்ட கொட்டையும் நல்லதே. சதை நீக்கும் வேலை மிச்சம். நெகிழிப் பையில் கட்டினால் பூசணம் பிடித்துவிடும் என்பதால், சாக்கிலோ ஓலைக் கூடையிலோ காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். இடிக்கும் நாளில்தான் ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்க வேண்டும். உள்ளே பருப்பு இளம்பச்சையாக இருந்தால் அது ஆகும். கறுத்திருந்தால் எருக்குழிக்குப் போகட்டும்.